மங்கிப்போன ஹெட்லைட்: தேய்ப்பதா, மாற்றுவதா?

வணக்கம் நண்பர்களே. 11 வருடம் ஓடிய என் காரின் ஹெட்லைட் இரண்டும் பழுப்பேறி, புகை படிந்த கண்ணாடி போல ஆகிவிட்டன. நேற்று இரவு மழையில், சாலையோரம் நடந்து வந்த ஒரு பெரியவர் மிக அருகில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டார். கை நடுங்கிவிட்டது. இனியும் தள்ளிப்போட மனமில்லை.

பல்பு மாற்றியும் பலனில்லை. வெளிப்பக்கம் நகத்தால் சுரண்டினால் மெல்லிய தோல் போல உரிகிறது. உள்ளே ஈரம் இல்லை. ஹெட்லைட் மூடியின் பாலிகார்பனேட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) மேல் இருந்த புற ஊதாக் காப்புப் பூச்சு போய்விட்டது என்று புரிகிறது. பற்பசை போட்டும் தேய்த்தேன். பளபளத்தது, இரண்டே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது.

அடுத்து 800, 1500, 3000 என்று (எண் கூடக் கூட நைசாக இருக்கும்) உப்புத்தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே கிளியர் கோட் (நிறமில்லாத காப்புப் பூச்சு) பூசலாம் என்றிருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ஸ்பிரே நல்லதா, துணியால் பூசுவதா? எது அதிக நாள் தாங்கியது? எடுத்ததுமே 800 போட்டால் ஆழமாகக் கீறிவிடுமா?

அப்புறம், புதிதாகவே மாற்றினால் ஒளி விழும் உயரத்தைச் சுவரை வைத்து நாமே சரிசெய்ய முடியுமா? எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது, அதுதான் எனக்கு முக்கியம்.