பாஞ்சாலங்குறிச்சியைக் காப்பாற்றியது படமா? (மண் சுவர் விவகாரம்)

கரிசல்காட்டான்:
நம் தளத்தின் பழைய படங்கள் பகுதியில் 'பழைய ரீல்' போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வராமல் இருந்திருந்தால் பாஞ்சாலங்குறிச்சி இன்று வெறும் கரிசல் மேடு." அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு.

உண்மையான கோட்டை மண் கோட்டை ஐயா. ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம், சுவர் 12 அடி உயரம், சுற்றிலும் முள்வேலி. 1801 போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு வந்த வெல்ஷ் என்ற அதிகாரி எழுதிவைத்த விவரம் இது. படத்தின் போர்க்காட்சிகளை எடுத்தது பெரிய கல் கோட்டைகள் இருக்கும் ஜெய்ப்பூரில். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எங்களிடம் "கோட்டை எங்கே?" என்று கேட்கிறார்கள். தரையோடு தரையாகக் கிடக்கும் அடித்தளத்தைக் காட்டினால், "இவ்வளவுதானா?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். இதுதான் உங்கள் படம் செய்த பாதுகாப்பு.

பழைய ரீல்:
அண்ணாச்சிக்குக் காலையிலேயே கோபம். படத்தைத் தொல்லியல் அறிக்கை என்று யார் சொன்னது? 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததே, அன்று உங்கள் மண் சுவரை அங்கே யாருக்குத் தெரியும்? கயத்தாறில் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தவரும் அதே சிவாஜிதான்.

படத்தைக் காப்பது எளிது என்று நினைக்கிறீர்களா? தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதற்கும் முந்தைய மௌனப் படமான 'கீசக வதம்' போயே போய்விட்டது. படச்சுருளில் இருந்த வெள்ளிக்காக அதைக் கரைத்து விற்றவர்கள் நம் ஆட்கள். மிஞ்சிய சுருளும் புளித்த காடி நாற்றமடித்துச் சுருங்கிப்போகிறது. கேவாகலர் வண்ணச் சுருளில் எடுத்து, லண்டனில் டெக்னிகலர் பிரதி போட்ட ஒரு படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது என்றால் அதன் பின்னால் சிலருடைய உழைப்பு இருக்கிறது. சுவர் 12 அடியா, 20 அடியா என்பதால் யாருக்கு என்ன நட்டம்?

கரிசல்காட்டான்:
"யாருக்கு என்ன நட்டம்" என்று கேட்பவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார். நல்லது.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பின் கம்பெனி இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையை ஆறே நாளில் எழுப்பினார்கள். கல்லில் ஆறு நாளில் கோட்டை கட்டிக் காட்டுங்கள், நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். அந்த மண் சுவர்தான் மார்ச் மாதத் தாக்குதலைத் திருப்பி அனுப்பியது. மே 24 வரைக்கும் பீரங்கி வைத்திருந்த படையைக் காக்கவைத்ததும் அதே சுவர். வீரமே அதில்தான் இருக்கிறது. அதைப் பெரிய மதிலாக நினைக்கவைத்தது பெருமை அல்ல, திருட்டு. 12 அடி. மண்.

கும்மிப்பாட்டு:
இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். படம் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பிருந்தே ஊர் ஊராகக் கதைப்பாடலும் கூத்தும் அந்தப் பெயரைச் சுமந்தன. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த ஆய்வாளர் நா. வானமாமலை அந்தப் பாடலைப் பதிப்பித்தார். தமிழறிஞர் ம.பொ.சி. மேடை மேடையாகப் பேசினார். படம் எடுத்தவர்கள் சும்மா கிடந்த கதையைக் கண்டெடுக்கவில்லை.

பழைய ரீல்:
கும்மிப்பாட்டு ஐயா, கதைப்பாடல் கேட்டவர் எத்தனை பேர், படம் பார்த்தவர் எத்தனை பேர்? கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.

அண்ணாச்சி, ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் 1974இல் அரசு ஒரு நினைவுக் கோட்டை கட்டியதே, அது மண்ணா? 12 அடியா?

கரிசல்காட்டான்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்தக் கட்டடம் அப்படி எழுந்ததற்கே காரணம் உங்கள் படம்தான் என்பது என் எண்ணம். 1974இல் கட்டபொம்மன் என்றாலே எல்லார் மனத்திலும் சிவாஜியும் மதிலும்தான். மண்ணில் கட்டியிருந்தால் "மன்னனுக்கு இதுவா கோட்டை" என்று கேட்டிருப்பார்கள். வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் உண்மையான இடிபாட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள்.

எட்டயபுரம் வாசி:
நீங்கள் சுவரைப் பற்றிச் சண்டை போடுங்கள். அந்தப் படம் எங்கள் ஊரை என்ன செய்தது என்று யாராவது பேசுவீர்களா? கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை மன்னர் தொண்டைமானின் ஆட்கள். பிடிபட்ட இடம் திருக்களம்பூர்ப் பக்கம். ஆனால், துரோகி என்றால் எங்கள் பாளையக்காரர் பெயர்தான். பாரதி பிறந்த ஊர்க்காரனைப் பார்த்து பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் சிரிக்கிறான்.

கரிசல்காட்டான்:
கம்பெனிப் படையோடு எட்டயபுரத்து ஆட்களும் சேர்ந்து வந்தார்கள், அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்களே.

எட்டயபுரம் வாசி:
சேர்ந்து வந்தது ஒன்று, பிடித்துக் கொடுத்தது இன்னொன்று. வெல்ஷ் எழுதிய அடிக்கணக்கை மனப்பாடமாக ஒப்பிக்கிறவருக்கு இது புரியவில்லையா?

தென்காசிச் சாரல்:
எனக்கு வேறொரு சந்தேகம். கரிசல்காட்டான் குழுவினர் கோட்டைக்குப் பக்கத்திலுள்ள ஆங்கிலேயர் கல்லறைகளைச் சுற்றியிருக்கும் சீமைக்கருவேலத்தை வெட்ட வேண்டும் என்று மனு எழுதுகிறார்கள். நம்மைச் சுட்டவர்களுடைய கல்லறைக்கு நாம் ஏன் காவல்? நம் வீரர்களுக்கு அங்கே ஒரு கல்லாவது உண்டா?

கரிசல்காட்டான்:
இல்லை என்பதால்தான் வெட்டச் சொல்கிறோம். அந்தப் போரை நேரில் பார்த்த கல் அந்த மண்ணில் அவை மட்டும்தான். மற்றதையெல்லாம் இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். எதிரியின் சாவுக் கல்தான் நமக்குச் சாட்சி. இதுகூட விளங்காதவரிடம் என்ன பேச?

தென்காசிச் சாரல்:
விளங்காதவன் விலகிக்கொள்கிறேன். மனுவில் என் கையெழுத்தையும் எடுத்துவிடுங்கள்.

பழைய ரீல்:
பார்த்தீர்களா, சொந்தக் குழுவிலேயே ஆள் ஓடுகிறார். நாங்கள் ஒரு சுருளைக் காப்பாற்றினால் அதை ஊரே பார்க்கும். நீங்கள் அடித்தளத்தைக் காப்பாற்றினால் ஆட்டுக்குட்டி பார்க்கும்.

கரிசல்காட்டான்:
சுருளைக் காப்பாற்றுகிற அழகைப் பற்றி நானும் சொல்கிறேன். பழைய படங்களை அகலத்திரைக்கு மாற்றுகிறேன் என்று மேலே தலையையும் கீழே காலையும் வெட்டுகிறீர்கள். பழைய பின்னணி இசையை எடுத்துவிட்டுப் புது வாத்தியத்தைச் சேர்க்கிறீர்கள். படத்தின் பிரேமை வெட்டினால் அது மறுசீரமைப்பு. நான் சுவரின் உயரத்தைச் சொன்னால் அது பிடிவாதமா?

பழைய ரீல்:
அப்படி வெட்டுகிறவர்களை எதிர்த்து இதே தளத்தில் முதலில் எழுதியவன் நான். வியாபாரிகள் செய்வதை ரசிகர்கள் தலையில் கட்டாதீர்கள். 2012இல் சிவாஜியின் 'கர்ணன்' மறுபடி திரைக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியதே, அது இல்லாவிட்டால் பழைய படத்துக்குப் பணம் போட இன்று ஒருவரும் முன்வரமாட்டார். இருநூறு ஆண்டுக்கு முன் கரைந்த மண்ணுக்கு யார் பணம் போடுவார்கள்?

கும்மிப்பாட்டு:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கரிசல்காட்டான்:
கேள்வியா? நீங்கள் எங்கே கேள்வி கேட்டீர்கள்? கதைப்பாடலைப் பற்றி ஒரு தகவல் சொன்னீர்கள், அதற்கு நன்றி.

பழைய ரீல் அவர்களே, கரைந்த மண் என்கிறீர்கள். கரையவில்லை, இடித்தார்கள். இடிக்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு அந்தச் சுவர் அவர்களை வாட்டியது. எத்தனை அடி என்று இப்போதாவது சொல்லுங்கள்.

எட்டயபுரம் வாசி:
நிர்வாகிக்கு வேண்டுகோள். என் பதிவுகளைத் தனி இழையாகப் பிரித்துவிடுங்கள். தலைப்பு: 'பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை.'

புதுக்கோட்டை மச்சுவாடி:
அப்படி ஒரு தலைப்பை வைத்துப் பாருங்கள்.

பழைய ரீல்:
ஐந்து அடி.

கரிசல்காட்டான்:
இதற்குத்தான் உங்களோடு பேசவே கூடாது என்பது.