காந்தமின் பீங்கான்: துகளாகக் கலப்பதா, அடுக்காக அமைப்பதா?

துகள்கலவை:
காந்தப்புலத்தைச் செலுத்தினால் மின்னழுத்தம் தரும் பீங்கானே காந்தமின் பீங்கான். ஒரே பொருளில் அதைத் தேடினால், பிஸ்மத் ஃபெரைட் மின் ஒழுங்கையும் காந்த ஒழுங்கையும் அறை வெப்பநிலைக்கு மேலும் தக்கவைத்துக்கொள்கிறது. ஆனால் அதன் அணுக்காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் நிகரக் காந்தம் மிகக் குறைவு. அதனால்தான் பேரியம் டைட்டனேட்டையும் கோபால்ட் ஃபெரைட்டையும் கலந்து சுடுகிறோம். காந்தப்புலத்தில் ஃபெரைட்டின் நீளம் மாறுகிறது, அந்த இழுவிசை பக்கத்திலுள்ள டைட்டனேட்டை நெருக்குகிறது, டைட்டனேட் மின்னழுத்தத்தைத் தருகிறது. இரண்டில் எதிலும் தனியாக இல்லாத பண்பு சேர்க்கையில் பிறக்கும் என்பதை வான் சுக்டெலன் 1972-இல் எடுத்துரைத்தார். இதற்குப் பொடிகளைக் கலந்து ஒரே சூட்டில் சுடுவதே சிறந்த வழி என்பது என் கருத்து. பசை வேண்டாம், விரும்பிய வடிவில் வார்க்கலாம், தொடுபரப்பும் மிகுதி.

அடுக்குமுறை:
நண்பரே, தொடுபரப்பின் மிகுதியே இங்கு இடர்ப்பாடாகிறது. கோபால்ட் ஃபெரைட்டின் மின்தடை டைட்டனேட்டினதைவிடப் பன்மடங்கு குறைவு. ஃபெரைட் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாகிவிட்டால் மின்னோட்டம் அதன் வழியே கசிந்துவிடும். பிறகு டைட்டனேட்டைத் துருவமாக்குவதற்கு, அதாவது அதன் மின் இருமுனைகளை ஒரே திசையில் திருப்புவதற்கு, போதிய மின்புலத்தைச் செலுத்தவே முடியாது. துருவமாகாத டைட்டனேட்டை எவ்வளவு நெருக்கினாலும் பயனில்லை. 1974-இல் இதே இரு பொருள்களில் ஓர் ஓர்ஸ்டெட் காந்தப்புலத்துக்கு, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு 130 மில்லிவோல்ட் கிடைத்தது உண்மைதான். ஆனால் அது பொடியைச் சுட்டுப் பெற்றதன்று, உருக்கிய குழம்பை ஒரே திசையில் உறையவைத்துப் பெற்றது. 2001-இல் காந்தப்புலத்தில் மிகுதியாக நீளும் டெர்ஃபனால்-டியையும், நெருக்கினால் மின்னழுத்தம் தரும் பி.இசட்.டி. பீங்கானையும் கொண்ட அடுக்குகள் அதே அலகில் 4.68 வோல்ட்டை எட்டிவிட்டன.

துகள்கலவை:
டெர்ஃபனால்-டி உலோகக்கலவை. அதைப் பீங்கானோடு ஒப்பிடுவது முறையாகாது. அதை ஒட்டும் எபாக்சிப் பசையோ விசையின் ஒரு பகுதியை விழுங்கிவிடும், வெப்பத்தில் தளரவும் செய்யும். சங்கிலி பற்றித் தாங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். சுட்ட வில்லைகளை உடைத்து, பின்சிதறல் எலக்ட்ரான் படத்தில் பார்த்திருக்கிறேன். கனமான பேரியம் இருப்பதால் டைட்டனேட் வெளிறியும் ஃபெரைட் கருத்தும் தெரியும். ஃபெரைட் குறைவாக இருந்த வில்லையில் கரும்புள்ளிகள் தனித்தனியே கிடந்தன. கூடுதலாகச் சேர்த்ததில் அவை ஓரங்களில் இணைந்து, வேர்போல் குறுக்கே ஓடின. ஆகவே ஃபெரைட் அளவைக் குறைப்பதும், கோபால்டுக்குப் பதிலாக மின்தடை கூடிய நிக்கல் ஃபெரைட்டை எடுப்பதும் தீர்வாகும்.

அடுக்குமுறை:
நிக்கல் ஃபெரைட்டின் நீளமாற்றம் கோபால்ட் ஃபெரைட்டினதைவிடச் சிறியது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இன்னொன்று, எக்ஸ் கதிர்ப் படத்தில் மூன்றாம் பொருளின் உச்சி தெரியவில்லை என்பதால் வேதிவினை நிகழவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இரும்பு டைட்டனேட்டுக்குள் புகுந்து டைட்டானியத்தின் இடத்தில் அமர்ந்தால் புதிய உச்சி தோன்றாமலே போகலாம். தாமிர இலக்கின் எக்ஸ் கதிரில் 45 பாகையருகே பிளவுபட்டு நிற்கவேண்டிய இரட்டை உச்சி ஒன்றாகக் குறுகியிருந்தால் டைட்டனேட்டின் மின்பண்புக்கு அடிப்படையான நாற்கோணத் தன்மை, அதாவது படிக அலகு ஒரு திசையில் சற்று நீண்டிருக்கும் நிலை, குன்றிவிட்டது என்று பொருள்.

அளவீட்டையும் சரிபார்த்தீர்களா? மாறுதிசைக் காந்தப்புலத்தில் அளக்கும்போது இணைப்புக் கம்பியின் வளையமே மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும்.

துகள்கலவை:
சரிபார்த்தேன். அதனுடன் சேர்த்துச் செலுத்தும் மாறாத நிலைக் காந்தப்புலத்தின் திசையைத் திருப்பியபோது குறிப்பலையின் குறியும் மாறியது, கம்பியில் தூண்டப்பட்ட மின்னழுத்தம் அப்படி மாறாது. துருவமாக்காத வில்லையில் அந்தக் குறிப்பலை இல்லை. ஆகவே, சிறிதேயானாலும் இது உண்மையான காந்தமின் விளைவு. 45 பாகை உச்சியை நான் கூர்ந்து பார்க்கவில்லை. அது என் தவறு, சுடும் வெப்பநிலையைக் குறைத்து மீண்டும் எடுக்கிறேன்.

அடுக்குமுறை:
அப்படியானால் நிக்கல் ஃபெரைட்டையும் டைட்டனேட்டையும் மெல்லிய, சுடாத பச்சைத் தாள்களாக வார்த்து, மாற்றிமாற்றி அடுக்கி, ஒன்றாகச் சுட்டுப் பாருங்கள். பசை வேண்டாம் என்ற தங்கள் நிபந்தனையும் நிறைவேறும், ஃபெரைட்டின் கசிவுப் பாதையும் டைட்டனேட் தாள்களால் தடுக்கப்படும்.

துகள்கலவை:
இரண்டு தாள்களும் சூட்டில் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, எல்லையில் விரிசல் விடும். அந்தச் சுருக்கங்களை ஒத்திசைக்க வழி கிடைக்கும்வரை நான் துகள்களை விடுவதாக இல்லை.