கல்லூரி வளாகத்தில் மழைத்தோட்டம்: நம்ம ஐப்பசி மழைக்குத் தாங்குமா?

கெடிலக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஒரு தனியார் கல்லூரியில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். மின்சாரம், குழாய், செப்டிக் டேங்க், விடுதிக்குள் பாம்பு வந்தால் ஆள் கூப்பிடுவது, எல்லாமே என் தலையில்தான்.

முன்பக்கம் வண்டி நிறுத்தும் இடம் அரை ஏக்கர் இருக்கும். முன்பு வெறும் மண் தரை. பேவர் பிளாக் போட்டதில் இருந்து, ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் போதும், தண்ணீர் நேராகப் பணிமனை வாசலுக்கு வந்துவிடுகிறது. 2024 ஃபெஞ்சல் புயலில் லேத் மோட்டார்கள் மூழ்கி, நான்கைப் புதிதாகக் கம்பிச்சுருள் (காயில்) கட்டக் கொடுத்தோம். அந்தப் புயலை விடுங்கள், ஊரே மூழ்கியது. சாதாரண மழைக்கும் இதே கதைதான்.

எங்கள் முதல்வர், அமெரிக்கக் கல்லூரிகளில் பள்ளம் வெட்டிச் செடி வைத்து மழைநீரை அதிலேயே இறக்குகிற மழைத்தோட்டம் பற்றி வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டார். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருவதற்குள் நாமும் ஒன்று போட்டுவிடலாம் என்கிறார். பள்ளம் வெட்ட எனக்கு ஆட்சேபம் இல்லை. அது தாங்குமா? கொசு வருமா? விடுதி வார்டன் அம்மா இப்போதே முறைக்கிறார்.

மஞ்சக்குப்பம் மணி:

எதுக்கு சார் இந்த வம்பு? ரெண்டடி கான்கிரீட் வாய்க்கால் கட்டி ரோட்டோர வாய்க்காலில் சேர்த்து விடுங்க.

கெடிலக்கரையான்:

மணி சார், ரோடு மேல ரோடு போட்டு, இப்போது ரோட்டோர வாய்க்கால் எங்கள் கேட்டைவிட ஒரு அடி உயரத்தில் இருக்கிறது. சேர்த்து விட்டால் அங்கிருந்துதான் இங்கே வரும்.

பழைய ஓவர்சியர்:

தம்பி, முப்பது வருடம் ஏரி, வாய்க்கால் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உங்கள் முதல்வர் பார்த்தது பொய் இல்லை. பிலடெல்பியா பக்கத்தில் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் 2001-இல் வண்டி நிறுத்துமிடத்து நடுத்திட்டைத் தோண்டி, சுற்றி இருந்த கரைக்கல்லை அங்கங்கே உடைத்து, தார்த்தரைத் தண்ணீரை உள்ளே இறக்கினார்கள். இன்றைக்கும் அதை அளந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆனால் அது எதற்குக் கட்டியது என்று பார்க்க வேண்டும். முதல் ஒரு அங்குல மழையை, அதாவது 25 மில்லிமீட்டரைப் பிடிப்பதற்கு. தரையில் கிடக்கும் எண்ணெயும் தூசியும் அந்த முதல் தண்ணீரோடுதான் அதிகம் வரும். அங்கே அடிக்கடி சின்னச் சின்ன மழை பெய்வதால் அந்தக் கணக்கு சரி. காசுக் கணக்கும் உண்டு: பிலடெல்பியா நகரத்தில் 2010 முதல் கல்லூரி, கடை போன்ற கட்டடங்களுக்கு, தண்ணீர் இறங்காத தரையும் கூரையும் எவ்வளவு என்று அளந்து மழைநீர்க் கட்டணம் போடுகிறார்கள். பள்ளம் வெட்டினால் பில் குறையும்.

நமக்கு வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்க்கிறது. உன் அரை ஏக்கர் சுமார் 2,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆக 25 மில்லிமீட்டருக்கு 50,000 லிட்டர். ஒரே நாளில் 20 சென்டிமீட்டர் பெய்தால் 4 லட்சம். 150 சதுர மீட்டரில் முக்கால் அடி ஆழப் பள்ளம் எடுத்தாலும் முப்பத்து நாலாயிரம் லிட்டர்தான் பிடிக்கும். மீதி எங்கே போகும்? பணிமனைக்குத்தான். ஏரி வெட்டியவன் முதலில் கலிங்கு, அதாவது நிரம்பிய தண்ணீர் வழிந்து போகும் வழி, எங்கே வைப்பது என்றுதான் யோசித்தான். நீ பள்ளம் தாங்குமா என்று கேட்கிறாய், கலிங்கைக் கேட்கவில்லை.

முதலில் மண்ணைப் பார். கேப்பர் மலை, காலாப்பட்டுப் பக்கச் செம்மண் மேடு ஒரு ஜாதி, ஆற்றோரக் களிமண் வேறு ஜாதி. இரண்டடி நீள அகலத்தில், இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்று. முதல் தண்ணீர் இறங்கியதும் மறுபடி ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார். மணிக்கு அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அங்கே ஊறவைக்கும் ஆசையை விட்டுவிடு. சித்திரையில் பார்த்துவிட்டு ஏமாறாதே. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் இறங்க இடமே இருக்காது. கட்டடக் கடைக்காலில் இருந்து பத்தடியாவது தள்ளி எடு. செப்டிக் டேங்க் பக்கம் போகவே போகாதே.

கொசு முட்டையில் இருந்து பறக்க ஒரு வாரமாவது வேண்டும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் வற்றுகிற பள்ளத்தில் அதற்கு வேலை இல்லை. வார்டன் அம்மாவிடம் தைரியமாகச் சொல். வற்றாவிட்டால் அவர் சொல்வதே சரி.

பேவர் பிளாக்கைப் பெயர்க்க வேண்டாம். ஆனால் அது தண்ணீர் குடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அடியில் கிராவலை ரோலர் போட்டு இறுக்கி, இடுக்கில் எம்.சாண்டும் சிமெண்ட்டும் அடைத்த தரை அது. குடிக்கிற தரை வேண்டும் என்றால் அடியில் தூள் இல்லாத ஜல்லி, இடுக்கில் சின்னக் கல் சிப்ஸ் என்று ஆரம்பத்திலேயே வேறு மாதிரி போட்டிருக்க வேண்டும். அதையும் கூட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் செம்மண் வண்டல் அடைத்துக்கொள்ளும்.

பாகூர் பையன்:

புதுச்சேரியில் சிவில் மூன்றாம் வருடம் படிக்கிறேன் அண்ணா. எங்கள் டிபார்ட்மெண்ட் பின்னால் சின்னதாக ஒன்று வெட்டினோம். தண்ணீர் பிரச்சினையே இல்லை, வெயில்தான் பிரச்சினை. ஆசையாக வாங்கி வைத்த பூச்செடி எல்லாம் மே மாதம் சருகு. கூட்டுகிற அக்கா அதைக் குப்பைப் பள்ளம் என்று நினைத்து வாதாம் இலையை எல்லாம் அதிலேயே கொட்டிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருந்தது. அப்புறம் சுற்றிலும் கல் வரிசை வைத்து, நொச்சிக்காட்டில் இருந்து வெட்டிவேர் நாற்று கொண்டுவந்து நட்டோம். அது நின்றுவிட்டது. தண்ணீர் உள்ளே வரும் வாயில் கை அகலக் கருங்கல் பரப்புங்கள். எங்களுக்கு முதல் மழையிலேயே கரை அரித்துவிட்டது.

கெடிலக்கரையான்:

ஓவர்சியர் ஐயா, இரண்டு குழி எடுத்தேன். பின்பக்க மைதான ஓரம் செம்மண். காலையில் இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் பதினொரு மணி டீக்குள் காணோம். முன்பக்கம், கேட் ஓரம், மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் அப்படியே கிடந்தது. தவளை ஒன்று குடியேறிவிட்டது. பின்பக்கம்தான் மேடு. தண்ணீர் மேடேறுமா?

பழைய ஓவர்சியர்:

தரைத் தண்ணீர் ஏறாது. மொட்டைமாடித் தண்ணீர் ஏற்கெனவே உயரத்தில்தானே இருக்கிறது? முன்பக்கம் இறங்குகிற குழாய்களைத் திருப்பிப் பின்பக்கம் கொண்டு போ. அந்தச் சுமை அங்கேயே குறையும். முன்னால் ஊறவைக்க நினைக்காதே. ஒரு குட்டையாக வெட்டி, நிரம்பினால் போக ஒரு வழி விட்டு, பணிமனை வாசலில் ஒரு அடிக்குத் திண்டு கட்டு.

கெடிலக்கரையான்:

மாடி அளவு எடுத்துவிட்டேன் ஐயா. எட்டுக் குழாயில் ஆறைத் திருப்பலாம், பிளம்பர் திங்கட்கிழமை வருகிறார். முதல்வரிடமும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஆனால் மழைத்தோட்டத்தைப் பின்பக்கம் வைத்தால் நாக் குழு கண்ணில் எப்படிப் படும் என்று கேட்கிறார். போர்டு ஒன்று அம்புக்குறி போட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.