படகு விற்பனை: ஹல் எண் ஒத்துப்போகவில்லை, அடமானக் குறிப்பும் நீங்கவில்லை. எந்தத் தாளை முதலில் சரிசெய்வது?

துடுப்பு:
வணக்கம். ஆறு மீட்டர் ஃபைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின், ட்ரெய்லர் மூன்றையும் தரகர் இல்லாமல் நேரடியாக விற்கப் பேசி முடித்திருக்கிறோம். பத்திரம் எழுதப் போனால் சிக்கல் மேல் சிக்கல்.

பதிவுச் சான்றில் உள்ள ஹல் எண்ணில் (படகின் உடலில் பொறித்த அடையாள எண்) ஓர் இடத்தில் ‘ஓ’ எழுத்து. படகில் அதே இடத்தில் பூஜ்ஜியம். சான்றில் இருப்பது பழைய எஞ்சினின் எண், இப்போது பொருத்தியிருப்பது வேறு. வங்கிக் கடனை முழுதும் கட்டியாயிற்று, ஆனால் பதிவேட்டில் அடமானக் குறிப்பு அப்படியே இருக்கிறது. உரிமை என் பெயரிலும் தம்பி பெயரிலும். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். வாங்குபவர் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, படகைச் சோதிக்கும் சர்வேயரிடமும் காட்டிய பிறகுதான் முழுப் பணம் என்கிறார். எங்கிருந்து தொடங்க?

நங்கூரம்:
வங்கியில் தொடங்குங்கள், அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். ‘கடன் முடிந்தது’ என்ற கடிதத்தோடு நின்றுவிடாதீர்கள். அடமானத்தை விடுவிக்கும் பத்திரத்தில் வங்கியின் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்டு, அது பதிவு அலுவலகத்தில் தாக்கலாகி, குறிப்பு நீங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு பதிவேட்டின் புதிய நகல் ஒன்றை எடுங்கள். வாங்குபவர் பார்க்க வேண்டியது அந்த நகலைத்தான். படகின் மேல் உள்ள கடன் ஆளை விட்டுப் படகோடு போகக்கூடியது என்பதால் அவர் அதில் பிடிவாதமாக இருந்தால் அது நியாயமே. படகுத்துறைக் கட்டணம், பட்டறைக் கூலி போன்ற பாக்கிகள் பதிவேட்டில் ஏறாமலேயே படகைப் பிடிக்கலாம். அந்த இரண்டு இடங்களிலும் ‘பாக்கி இல்லை’ என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

அடுத்தது ஹல் எண். பழைய தாளைப் பார்த்து எழுதாதீர்கள், படகைப் பார்த்து எழுதுங்கள். பின்பலகையின் வலப்பக்க மேல்மூலையில் இருக்கும். துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பதிவும் எடுங்கள். ஐஎஸ்ஓ 10087 என்ற சர்வதேசத் தரமுறைப்படி அது 14 எழுத்து-எண் கொண்டது: நாட்டுக் குறியீடு 2, கட்டியவர் குறியீடு 3, வரிசை எண் 5, கட்டிய மாதத்துக்கு ஓர் எழுத்து, கட்டிய ஆண்டின் கடைசி இலக்கம், மாடல் ஆண்டுக்கு 2 இலக்கம். கடைசி நான்கு ‘கே415’ என்றால் 2014 நவம்பரில் கட்டிய, 2015 மாடல் படகு. இது தெரியாமல் ‘ஆண்டு தப்பாக இருக்கிறதே’ என்று வாங்குபவர் பயப்படுவதுண்டு. பத்திரத்தில் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவிட்டால் பேச்சு வராது.

உங்கள் ‘ஓ’ எந்த இடத்தில் இருக்கிறது? அந்த ஐந்து இட வரிசை எண்ணில் ஐ, ஓ, கியூ மூன்று எழுத்துகளையும் பயன்படுத்துவதில்லை. அங்கே இருந்தால் சான்றில் நடந்தது தட்டச்சுப் பிழைதான். கட்டியவர் குறியீட்டில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது, கட்டிய நிறுவனத்தின் கடிதம் வேண்டும். எதுவானாலும் படகில் உள்ள எண்ணில் கை வைக்காதீர்கள். அதைச் சுரண்டினாலோ திருத்தினாலோ திருட்டுப் படகு என்ற சந்தேகம் வரும். படம், பென்சில் பதிவு, முதல் விற்பனை ரசீது இவற்றை வைத்துச் சான்றைத் திருத்தச் சொல்லி விண்ணப்பியுங்கள்.

அணியம்:
எஞ்சின் எண், படகில் மாட்டும் பிராக்கெட்டில் ஒட்டிய தகட்டில் இருக்கும். தகடு உப்பில் அரித்துப் படிக்க முடியாமல் போயிருந்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள், பல எஞ்சின்களில் பிளாக்கில் உள்ள வட்ட மூடியிலும் அதே எண் பொறித்திருக்கும். புது எஞ்சின் வாங்கிய ரசீதும், பழையது எங்கே போனது என்பதற்கான தாளும் இருந்தால் இரண்டையும் சான்று திருத்தும் விண்ணப்பத்திலேயே சேருங்கள். இன்னொன்று: புது எஞ்சினின் குதிரைத்திறன், படகின் கொள்ளளவுத் தகட்டில் உள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காப்பீடு மறுக்கப்படலாம். அதை மறைத்து விற்றால் பழி உங்கள் மேல் வரும்.

ட்ரெய்லருக்குத் தனி எண், பல இடங்களில் தனிப் பதிவும் உண்டு. எனவே பத்திரத்தில் படகு, எஞ்சின், ட்ரெய்லர் மூன்றுக்கும் விலையைப் பிரித்து எழுதுங்கள். வரி மூன்றுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை.

தம்பிக்கு: பொது அதிகாரப் பத்திரம் வேண்டாம், இந்த ஒரு படகுக்கு மட்டுமான அதிகாரப் பத்திரம் போதும். அதில் ஹல் எண் (திருத்திய எண்), விற்கும் அதிகாரம், கையெழுத்திடும் அதிகாரம், பணம் பெறும் அதிகாரம் நான்கும் இருக்கட்டும். ‘பணம் பெற’ என்ற சொல் விடுபட்டால் வாங்குபவரின் வங்கி நிறுத்திவிடும். இரண்டு நாடுகளும் 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் வெளிநாட்டுத் தாளை இங்கே செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை போதும், இல்லையென்றால் தூதரகச் சான்று. சான்று திருத்தும் முன் தம்பி கையெழுத்திட்டால் பழைய எண்ணோடு தாள் வந்து சேரும். ஆகவே வரிசை: வங்கி, சான்று, பிறகு தம்பி.

கலங்கரை:
ஓட்டிப் பார்ப்பதற்கும் முன்பணத்துக்கும் தனி ஒப்பந்தம் போடுங்கள். விற்பனைப் பத்திரத்தை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். தேதி போடாத விற்பனைப் பத்திரத்தில் ‘பிறகு நிரப்பிக்கொள்ளலாம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது.

ஒப்பந்தத்தில் வர வேண்டியவை: முன்பணம் எவ்வளவு (பத்து சதவீதம் வழக்கம்), யாரிடம் இருக்கும், சர்வே எந்தத் தேதிக்குள், படகைத் தூக்கும் செலவு யாருடையது (பொதுவாக வாங்குபவர்), குறை கண்டால் எத்தனை நாளில் எழுத்தில் சொல்ல வேண்டும், எந்த மாதிரிக் குறைக்கு முன்பணம் முழுதும் திரும்பும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் சண்டை வரும். ‘பெரிய குறை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், ‘சரிசெய்ய விலையில் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஆகும் குறை’ என்று எழுதுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது சுக்கான் உங்கள் கையில் இருக்கட்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விற்பனைப் பத்திரத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதலாம். ஆனால் தெரிந்த குறையை மறைத்தால் அந்த வரி உங்களைக் காக்காது. தெரிந்ததை எல்லாம் இணைப்பில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், மீன்காட்டி எனப் படகோடு போகும் பொருள்களின் பட்டியலும் அங்கேயே. ஒப்படைக்கும் நாளோடு மணியையும் எழுதுங்கள், விபத்து நடந்தால் கேள்வி அந்த மணியில்தான் நிற்கும். வங்கி டிராஃப்ட் கொண்டுவந்தால், உங்கள் கணக்கில் வந்ததாகக் காட்டுவதை நம்பாமல், பணம் தீர்ந்து சேர்ந்ததென வங்கி உறுதி செய்த பிறகே சாவி.

துடுப்பு:
‘ஓ’ வரிசை எண் பகுதியில்தான் இருக்கிறது, நன்றி. படகில் டிஎஸ்சி ரேடியோவும் (பொத்தானை அழுத்தினால் ஆபத்து அழைப்பு விடும் கடல் ரேடியோ) ஈபிர்பும் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும் கருவி) உண்டு. அவற்றுக்கும் தாள் வேண்டுமா?

கலங்கரை:
இரண்டுக்கும் வேண்டும். ஈபிர்ப் உங்கள் பெயரிலேயே இருந்தால், வாங்குபவர் ஆபத்தில் அதை இயக்கும்போது மீட்பு மையம் உங்களைத்தான் அழைக்கும், தேடுதல் தாமதமாகும். கருவியில் உள்ள 15 இட அடையாளக் குறியைப் பொருள் பட்டியலில் எழுதி, ஒப்படைத்த அன்றே பதிவை மாற்றுங்கள். ரேடியோவின் ஒன்பது இலக்க அடையாள எண்ணான எம்எம்எஸ்ஐ சில நாடுகளில் படகோடு போகும், சிலவற்றில் ரத்தாகும். எண் கொடுத்த அலுவலகத்தைக் கேளுங்கள். ரத்தானால் அதை வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள். பல ரேடியோக்களில் புது எண்ணை நாமே பதிய முடியாது, விற்பனையாளரிடம் கொண்டுபோக வேண்டும்.

நங்கூரம்:
ஒன்று விடுபட்டது. படகு விற்றதைப் பதிவு அலுவலகத்துக்கு நீங்களே அறிவியுங்கள், வாங்குபவர் செய்வார் என்று விடாதீர்கள். அவர் பெயர் மாற்றாமல் ஓட்டினால் அபராதமும் கட்டணமும் பழைய முகவரிக்கே வரும். அறிவித்ததற்கான ஒப்புகையை வாங்கி, பத்திரத்தின் மூலப் பிரதியோடு வையுங்கள். பத்திரம் இரண்டு மூலப் பிரதிகளாக இருக்கட்டும், ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்தும் வேண்டும்.