14 வயது மகனுக்கு மார்பில் கட்டி: எந்த டாக்டரிடம் காட்டுவது?

கேள்வி (ஒரு அம்மா):
என் மகனுக்கு 14 வயது. சில மாதங்களாகவே வீட்டிலும் பனியனுக்கு மேல் தொளதொள சட்டை போட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கி உட்காருகிறான். விளையாடும்போது பந்து பட்டுத் துடித்துப்போன அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. இடது காம்புக்குப் பின்னால் பொத்தான் அளவில் ஒரு கட்டி, தொட்டாலே வலிக்கிறதாம். மீசை அரும்பிவிட்டது, குரலும் உடைந்துவிட்டது. உறவினர் ஒருவர், "பெண் ஹார்மோன் கூடிவிட்டது, ஊசி போடணும்" என்று அவன் காதுபடவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புற்றுநோயாக இருக்குமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில் (குழந்தைகள் நல மருத்துவர்):
பயப்படாதீர்கள் அம்மா. வளரும் பருவத்தில் ஏறக்குறைய பாதி ஆண்பிள்ளைகளுக்கு இது வருகிறது. கைனகோமாஸ்டியா என்போம். பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜன் எல்லா ஆண்களுக்கும் கொஞ்சம் சுரக்கும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழு அளவை எட்டும் முன் ஈஸ்ட்ரோஜனின் கை சற்று ஓங்கினால் காம்புக்குப் பின்னால் உள்ள திசு வீங்கும். ஒரு பக்கம் மட்டும் வருவதும் உண்டு. பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானாகவே வற்றிவிடும். ஊசியெல்லாம் வேண்டாம். இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் மிக மிக அபூர்வம்.

ஆனாலும் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டிவிடுங்கள். அவர் விதைகளையும் பார்ப்பார், அதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவை வயதுக்கேற்ப வளராமல் சின்னதாக இருந்தால், ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக உள்ள க்ளைன்ஃபெல்டர் நிலையா என்று பார்க்க வேண்டிவரும். எல்லாம் சரியாக இருந்தால் பல நேரங்களில் ரத்தப் பரிசோதனைகூடத் தேவைப்படாது. கட்டி கல் மாதிரி இருந்தாலோ, வேகமாகப் பெருத்தாலோ, காம்பிலிருந்து ஏதாவது கசிந்தாலோ, விதையில் கட்டி தட்டுப்பட்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் (கல்லூரி மாணவர்):
அக்கா, எனக்கு இரண்டு பக்கமும் இருந்தது. பத்தாவது முடிப்பதற்குள் இருந்த இடமே தெரியவில்லை. டாக்டரிடம் தம்பியைக் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அப்புறம், சதை ஏற ஏதாவது சாப்பிடுகிறானா என்றும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி தம்பி. கேட்டேன். புரோட்டீன் பவுடர் என்று ஒரு டப்பாவைக் காட்டினான், நண்பன் கொடுத்ததாம். அதனால் இருக்குமா டாக்டர்?

பதில் (குழந்தைகள் நல மருத்துவர்):
வெறும் புரோட்டீனால் வராது. ஆனால் சில பவுடர்களில் லேபிளில் போடாமலே ஸ்டீராய்டு கலந்திருக்கிறார்கள். அவற்றில் சில உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறிவிடும். டப்பாவையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், அதுவரை அவன் அதைத் தொட வேண்டாம். கட்டியை அடிக்கடி அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம், வலிதான் கூடும்.