மேப் கட்ட ஹெல்பர் ஃபங்ஷன் வேண்டுமா, வேண்டாமா?

ராயபுரத்தான்:
தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிகிறது, விசைப்படகுகள் கடலுக்குப் போவதற்குள் காசிமேடு ஏலக் கணக்கு புரோகிராமைச் சுத்தம் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதியது. மேப் (ஒரு கீக்கு ஒரு வேல்யூ, இங்கே மீன் பெயருக்கு எடை, என்று வைக்கும் அட்டவணை) கட்டுவதற்கென்றே 11 குட்டி ஹெல்பர், அதாவது துணை ஃபங்ஷன், எல்லாம் இரண்டு மூன்று வரி. அத்தனையையும் தூக்க வேண்டும் என்பது என் கட்சி. 'மீன்மேப்' என்று ஒன்று, உள்ளே வெறும் ஃப்ரம்லிஸ்ட், லிஸ்ட்டை மேப்பாக மாற்ற ஹாஸ்கெலோடு வரும் ஃபங்ஷன். ஒரே படகில் வஞ்சிரம் 40 கிலோ, சங்கரா 25, கடைசிக் கூடையில் மறுபடி வஞ்சிரம் 15 என்று வந்தால் ஃப்ரம்லிஸ்ட் கடைசி வேல்யூவை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். பில்லில் வஞ்சிரம் 15 கிலோ. மீதி 40 கிலோ காணோம், எர்ரரும் இல்லை. படகுக்காரர் எடைச் சீட்டை நீட்டிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

பழைய வண்ணை:
அண்ணே, தப்பு அந்தப் பெயரில் இருக்கிறது. 'எடைகூட்டி' என்று வைத்து, உள்ளே ஃப்ரம்லிஸ்ட்வித்துக்கு (ஒரே கீ மறுபடி வந்தால் இரண்டு வேல்யூவையும் நாம் சொல்கிறபடி சேர்ப்பது) கூட்டலைக் கொடுத்திருந்தால் 55 வந்திருக்கும். ஹெல்பரை எடுத்துவிட்டால் அதே தப்பைப் பத்து இடத்தில் தேடித் திருத்த வேண்டும். குளோஜர் என்ற இன்னொரு மொழியில் மேப்பின் வேல்யூக்களை மட்டும் மாற்ற ஆளாளுக்கு ஒரு ஹெல்பர் எழுதிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் 2022-ல் 1.11 பதிப்பிலேயே அப்டேட்-வேல்ஸ் சேர்ந்துவிட்டது. தேவை இல்லாமலா சேர்த்தார்கள்?

ராயபுரத்தான்:
அதற்கு டாக்குமென்டேஷன் இருக்கிறது, ஊருக்கே தெரிந்த பெயர். நான் சொல்வது நம் வீட்டு ஹெல்பரை. அப்புறம் ஃப்ரம்லிஸ்ட்வித்தும் லேசுப்பட்டது இல்லை. கூடைகளை லிஸ்ட்டாக ஒட்டச் சொன்னால் புதியதை முன்னால் வைத்து வரிசையைத் தலைகீழாக்கிவிடும். எந்தக் கூடை முதலில் ஏலம் போனது என்பதில்தானே தகராறே வருகிறது.

பெரம்பூர் லோகோ:
ஊருக்கே தெரிந்த பெயரிலும் இதே கதைதான். கீ லிஸ்ட்டையும் வேல்யூ லிஸ்ட்டையும் ஜோடி சேர்த்து மேப் கட்டும் குளோஜர் ஜிப்மேப்புக்குப் பன்னிரண்டு கூடை எண்ணும் பதினொரு எடையும் கொடுத்துப் பாருங்கள், பன்னிரண்டாவது கூடை சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

பழைய வண்ணை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். வரிசை மாறாமல் வேண்டுமென்றால் பழையது முன்னால் வரும்படி ஃப்ளிப் போடலாம், ஆனால் ஒவ்வொரு கூடை வரும்போதும் பழைய லிஸ்ட் முழுவதையும் மறுபடி நடக்க வேண்டும், கூடை ஏற ஏற இழுக்கும். உள்ளே வரும் லிஸ்ட்டை முதலில் ரிவர்ஸ் செய்துவிட்டு ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை. இதை ஒவ்வொரு இடத்திலும் ஞாபகம் வைத்து எழுதுவீர்களா, 'வரிசைமாறாமல்சேர்' என்று ஒரே இடத்தில் எழுதி டெஸ்ட் போட்டுவிடுவீர்களா?

ராயபுரத்தான்:
சரி, அந்த ஒன்றை வைத்துக்கொள்கிறேன், எடைகூட்டியையும். ஆனால் வெறும் ஃப்ரம்லிஸ்டுக்குப் போர்வை போர்த்திய ஏழும் போகும். ஒரே கீ இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்று பெயரிலேயே சொல்லாத ஹெல்பர் இனி என் கோடில் கிடையாது.