கிராங்குக்கு வெல்டிங் வைக்கலாமா? கடலூர் முதுநகர், புதுச்சேரி தேங்காய்த்திட்டு படகுக்காரர்கள் அனுபவம்

முதுநகரிலிருந்து:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு இன்ஜினை முழுசாகப் பிரித்துப் பார்க்க எங்களுக்குக் கிடைப்பது அந்த 61 நாள்தான். அப்படிப் பிரித்த ஒரு ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பற்றிச் சொல்கிறேன். லாரி இன்ஜினைப் படகுக்கு மாற்றியது.

ஆயில் பிரஷர் இறங்கி, ராடு பேரிங் ஒன்று இடத்தைவிட்டுச் சுழன்று, கிராங்கில் (பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்கும் தண்டு) அந்த பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதியான ஜர்னலை அறுத்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிற அளவுக்குக் கோடு, ஓரத்தில் நீலம் பாய்ந்த சூட்டுத் தடம். ஏற்கெனவே 0.75 மி.மீ. குறைத்துச் சாணை பிடித்த கிராங்க். 1.00 மி.மீ.க்கு இறக்கினாலும் கோடு போகாது, அதற்குக் கீழே இந்த இன்ஜினுக்கு பேரிங் ஷெல் (ஜர்னலைச் சுற்றி உட்காரும் தகடு) கிடையாது.

லேத் பட்டறை அண்ணன், "ஆர்க் அடிச்சு ரொப்பி, கடைஞ்சு, ஸ்டாண்டர்டு சைஸுக்கே கொண்டாந்துடலாம்" என்றார். படகுக்கார மாமாவுக்கும் அதில்தான் மனசு. "புது கிராங்க் காசுக்கு வலையே வாங்கிடலாம் மாப்ள!"

"விரிசல் இருக்கானு பாத்துட்டு அப்புறம் பேசுவோம் மாமா" என்றேன்.

கிராங்கை டீசலில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸைத் தேய்த்தேன். சுத்தியலால் மெதுவாகத் தட்டத் தட்ட, ஜர்னலும் அதன் பக்கவாட்டுக் கையும் (வெப்) சேருகிற வளைவில் மயிரிழை மாதிரி ஈரக்கோடு வெள்ளையில் ஊறி வந்தது. மாமா குனிந்து பார்த்தார், அதற்குமேல் வெல்டிங் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வளைவில்தான் அழுத்தம் அதிகமாகக் குவிகிறது. சிலிண்டர் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் வளைந்து, முறுகி, நிமிர்கிறது. மேலே ரொப்பினால் விரிசல் அடியில் அப்படியே இருக்கும். விரிசல் இல்லாத கிராங்காக இருந்தாலும், வெல்டிங் சூட்டில் மேல்தோலின் கடினம் போய்விடும், ஆறும்போது சுருங்கித் தண்டே வளையும். முறையாகச் செய்கிற இடத்தில் சப்மெர்ஜ்டு ஆர்க்கில் (பொடிக்கு அடியில் ஆர்க் எரியும் மெஷின் வெல்டிங்) ரொப்பி, அடுப்பில் வைத்து இறுக்கம் தளர்த்தி, நிமிர்த்தி, விரிசலைக் காட்டும் காந்தப் பரிசோதனை முடித்த பிறகுதான் சாணைக்கு அனுப்புவார்கள். கைராடு வெல்டிங் அதற்கு ஈடாகாது. வார்ப்பு கிராங்க் என்றால் நினைக்கவே வேண்டாம். லாரி நின்றால் ஓரங்கட்டலாம், நடுக்கடலில் கிராங்க் முறிந்தால் எங்கே ஓரங்கட்டுவது?

கடைசியில் பழைய லாரி இன்ஜினிலிருந்து ஒரு கிராங்க் எடுத்து, காந்தப் பரிசோதனை பார்த்து, 0.25 மி.மீ. குறைத்துச் சாணை பிடித்துப் போட்டோம். ஆயில் பம்பையும் மாற்றினோம். பிரஷர் இறங்கிய காரணத்தை விட்டுவிட்டு கிராங்கை மட்டும் மாற்றி என்ன பயன்?

தேங்காய்த்திட்டிலிருந்து:

அண்ணே, எங்கள் இன்ஜினில் ஜர்னல் நன்றாக இருந்தது, ஆயில் சீல் உட்காருகிற இடம்தான் பள்ளம். அதற்கும் வெல்டிங்தான் என்றார்கள். மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) இறக்கி முடித்துவிட்டோம், ஒழுக்கு நின்றுவிட்டது. கிராங்கின் முன்பக்க கீ வே (புல்லியைப் பிடிக்கும் கீ உட்காரும் காடி) தேய்ந்திருந்தால் மட்டும் வெல்டிங் வைக்கலாமா?

முதுநகரிலிருந்து:

அங்கே வெடிப்புச் சுமை நேராக விழாது தம்பி, நல்ல கை என்றால் வைக்கலாம். முடிந்ததும் வி-பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) தூக்கி வைத்து டயல் கேஜில் வளைவு பாருங்கள். ஆயில் துளை ஒவ்வொன்றையும் பிரஷ் விட்டுக் கழுவாமல் மாட்டாதீர்கள், சாணைத்தூள் உள்ளேயே தங்கி புது பேரிங்கைத் தின்றுவிடும்.